கில் செய்தாலும் திரும்பி வரும் கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ, டெம்ப் ஃபோல்டரில் தேடினால் கோப்பே இல்லை

ஓவர்லாக் · சனி, இரவு 10:52

வணக்கமுங்க. திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஸ்டிச்சிங் யூனிட்டுகளுக்குப் பீஸ் ரேட் கணக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எந்த டெய்லர் எத்தனை பீஸ் அடித்தார், அட்வான்ஸ் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று வாரக் கடைசியில் பட்டியல் வரும். மொத்தம் ஒன்பது யூனிட். கோட் எழுதுவது, சர்வர் பார்ப்பது, போன் எடுத்துத் திட்டு வாங்குவது எல்லாம் நான் ஒருவன்தான்.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் போன். "தம்பி, பட்டியல் சுத்திக்கிட்டே இருக்குது, வரமாட்டேங்குது." அடுத்த அரை மணியில் ஐந்து யூனிட்டிலிருந்து போன். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளப் பட்டியல் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு யூனிட்டில் கணக்குப் பார்க்கும் அக்கா, நாற்பது பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு பழைய நோட்டை எடுத்துக் கையால் கணக்குப் போட்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். சர்வர் ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்). 2 கோர், 4 ஜிபி, உபுண்டு 20.04. டாக்கர் காம்போஸில் நான்கு கன்டெய்னர் (ஒவ்வொரு மென்பொருளும் தனிப் பெட்டியில் ஓடும்): வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், நோட் ஆப், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், டேட்டாவை மெமரியில் வைக்கும் ரெடிஸ். டாப் (ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ என்று ஒரு ப்ராசஸ் 197% சிபியு தின்கிறது. கர்னல் சமாச்சாரம் போலப் பெயர் இருந்ததால் முதல் பத்து நிமிடம் அதைத் தொடவே பயந்தேன். பிறகு தேடிப் பார்த்தால் மைனர், அதாவது அடுத்தவர் சர்வரில் திருட்டுத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் ப்ரோகிராம் என்கிறார்கள்.

கில் மைனஸ் 9 போட்டேன், ஒரு நிமிடத்துக்குள் வேறு பிஐடியில் (ப்ராசஸ் எண்) வந்து உட்கார்ந்துவிட்டது. நான்கு தடவை அடித்தேன், நான்கு தடவையும் வந்தது. டெம்ப் ஃபோல்டரில் இருக்கும், அழித்துவிடு என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். டெம்ப், வார்-டெம்ப் இரண்டிலும் அப்படி ஒரு கோப்பே இல்லை. ரூட்டின் கிரானும் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகளின் பட்டியல்) காலி. சர்வரை ரீபூட் செய்தேன், முக்கால் மணி நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடியும் 197%.

இரண்டு விஷயம் புரியவில்லை. ஒன்று, ப்ராசஸின் சொந்தக்காரர் என்று டாப் காட்டுவது சிஸ்டம்டி-கோர்டம்ப் என்ற பயனரை. அந்தப் பெயரில் நான் எதையும் ஓட்டவில்லை. இரண்டு, யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 22, 80, 443 போர்ட் தவிர எல்லாம் அடைத்திருக்கிறேன், எஸ்எஸ்ஹெச்சும் (தூரத்திலிருந்து சர்வருக்குள் லாகின்) சாவி வழியாக மட்டும்தான். எந்தப் பக்கமாக உள்ளே வந்தது?

இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, வியாழன் ராத்திரி எல்லா யூனிட்டிலும் ஒரே நேரத்தில் லாக்அவுட் ஆகிவிட்டது என்றார்கள். திரும்ப லாகின் செய்யச் சொல்லிவிட்டு நான் கண்டுகொள்ளவில்லை.

---

வைகை_ரூட் · சனி, இரவு 11:20

தம்பி, கோப்பைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். சர்வரைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். 

எனக்கு இதே சனியன் வந்தது. ஒரு காலேஜ் சைட். பிஹெச்பியில் எழுதியது, வெண்டர் ஃபோல்டர் வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருந்தார் முன்னாடி இருந்தவர். அதற்குள் பிஹெச்பியூனிட் என்ற டெஸ்டிங் கருவியின் பழைய பதிப்பு. அதில் இவால்-எஸ்டிடிஇன் என்று ஒரு கோப்பு உண்டு, வெளியிலிருந்து எதை அனுப்பினாலும் அதைக் கோடாக ஓட்டிவிடும். 2017-லேயே சிவிஇ எண் (பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பதிவு எண்) கொடுத்துவிட்ட ஓட்டை (சிவிஇ-2017-9841), இன்னமும் ஸ்கேன் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நானும் ரூட்டின் கிரானை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று இருந்தேன். இருந்தது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனரின் கிரானில். நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியிலிருந்து ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டு என்று ஒரே ஒரு வரி. பயனர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கிரான் உண்டு, எல்லாவற்றையும் பாருங்கள். பார்த்துவிட்டுத் துடையுங்கள்.

---

பழைய_யூனிக்ஸ் · ஞாயிறு, காலை 6:05

துடைப்பதற்கு முன்னால் எப்படி வந்தது என்று தெரிய வேண்டாமா? அதே காம்போஸ் கோப்பைப் புது சர்வரில் ஏற்றினால், காபி குடித்துவிட்டு வருவதற்குள் அதுவும் வந்து ஏறிக்கொள்ளும்.

ஓவர்லாக் தம்பி, மூன்று விஷயம் எடுத்துப் போடுங்கள். இப்போதைக்குக் கில் செய்ய வேண்டாம், அது ஓடிக்கொண்டிருந்தால்தான் தடயம் கிடைக்கும்.

அந்த பிஐடியின் ப்ராக் ஃபோல்டருக்குள் சிகுரூப் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் டாக்கர் என்ற சொல்லும் பின்னால் நீளமாக ஒரு எண்ணும் வருகிறதா? அடுத்து, டாக்கர் பிஎஸ் போட்டு ரெடிஸ் வரியில் போர்ட் பகுதியில் என்ன இருக்கிறது? கடைசியாக, வியாழன் ராத்திரி லாக்அவுட் ஆனது எத்தனை மணிக்கு, செஷன் (யார் லாகின் ஆகியிருக்கிறார் என்ற பதிவு) எல்லாம் ரெடிஸில்தானே வைத்திருக்கிறீர்கள்? அந்த நேரத்து ரெடிஸ் லாக் வேண்டும்.

---

ஓவர்லாக் · ஞாயிறு, காலை 8:31

அண்ணா, தூக்கமே இல்லை, உடனே பார்த்துவிட்டேன்.

சிகுரூப்பில் டாக்கர் என்று வருகிறது. பின்னாலிருக்கும் எண்ணை ஒப்பிட்டால் அது ரெடிஸ் கன்டெய்னர்! உள்ளே போய்ப் பார்த்தேன், அங்கே இருக்கும் டெம்ப்பில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே கின்சிங் என்று இன்னொரு ப்ராசஸ். சிபியு எதுவும் எடுக்காமல் இருந்ததால் அது டாப்பின் முதல் பக்கத்தில் வரவேயில்லை.

டாக்கர் பிஎஸ்ஸில் 0.0.0.0:6379 என்று இருக்கிறது. அதாவது உலகத்துக்கே திறந்திருக்கிறது, இல்லையா? ஆனால் யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸில் இன்னமும் டிஃபால்ட் டினை (அனுமதிக்காததெல்லாம் தடை) என்றுதான் காட்டுகிறது. இரண்டில் எது பொய்?

செஷன் ரெடிஸில்தான். வியாழன் ராத்திரி 11:14. லாகில் அந்த நிமிடத்தில் ரெப்ளிகா (இன்னொரு ரெடிஸின் நகல்) என்று தொடங்கி, ஃப்ளஷிங் ஓல்ட் டேட்டா என்று ஒரு வரி, சின்கில் வந்த டிபியை ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரி, அப்புறம் மாட்யூல் லோடட். நான் எந்த ரெப்ளிகாவும் வைத்ததில்லை, சத்தியமாக.

---

பழைய_யூனிக்ஸ் · ஞாயிறு, காலை 10:40

இரண்டுமே பொய் இல்லை தம்பி, அதுதான் வம்பு. யூஎஃப்டபிள்யூ தன் காவலை வைப்பது சர்வருக்கே என்று வரும் பாக்கெட்டுகள் நுழையும் இன்புட் வழியில். டாக்கரில் போர்ட்டைப் பப்ளிஷ் செய்தால், அது ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் பாக்கெட் விதிப் பட்டியல்) தனக்கென்று விதி எழுதி, பாக்கெட் வந்ததுமே முகவரியை மாற்றிக் கன்டெய்னருக்குத் திருப்பிவிடும். அப்படித் திருப்பிய பாக்கெட் போவது ஃபார்வர்ட் வழியில், இன்புட் பக்கமே வராது. உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், முன் கேட்டில் செக்யூரிட்டி கேட் பாஸ் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் துணி ரோல் இறக்கும் ஷட்டர் முழுதாகத் தூக்கியிருக்கிறது. செக்யூரிட்டியைக் கேட்டால் யாரும் உள்ளே போகவில்லை என்றுதான் சொல்வார். டாக்கரின் ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. படிப்பவர் யார்?

சரி, திறந்த ரெடிஸில் வந்து என்ன செய்தான்? ரெடிஸ் பாஸ்வேர்ட் இல்லாமல் வெளியில் நின்றால் சர்வரே போகும் என்பதை, அதை எழுதிய சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2015-இல் தானே செய்து காட்டினார். கான்ஃபிக் செட் என்ற கட்டளையால் டேட்டாவைச் சேமிக்கும் இடத்தை எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு மாற்றி, தன் சாவியை ஒரு மதிப்பாகப் போட்டு, சேவ் என்று சொன்னால் போதும். சாவியை ரெடிஸே எழுதிக் கொடுத்துவிடும். கிரான் ஃபோல்டருக்கும் இதே தந்திரம்தான். அதற்குப் பிறகுதான் 2016-இல் 3.2 பதிப்பில் ப்ரொடெக்டட் மோட் வந்தது. பாஸ்வேர்டும் பைண்டும் (எந்த முகவரியில் கேட்பது என்ற செட்டிங்) இல்லையென்றால் உள்ளிருந்து வரும் இணைப்புக்கு மட்டும்தான் பதில். ஆனால் டாக்கரின் ரெடிஸ் இமேஜில் அதை அணைத்துத்தான் தருகிறார்கள், இல்லாவிட்டால் உங்கள் நோட் கன்டெய்னராலேயே பேச முடியாது. போர்ட்டைத் திறந்த அன்றே உங்கள் ரெடிஸ் நிராயுதபாணி.

கன்டெய்னருக்குள் கிரானும் இல்லை, எஸ்எஸ்ஹெச்சும் இல்லை. அதனால் வேறு வழி. "நீ என் ரெப்ளிகா" என்று உங்கள் ரெடிஸிடம் சொல்லியிருக்கிறான். அது நல்ல பிள்ளையாக அவன் அனுப்பியதை டிபி என்று நம்பி டிஸ்கில் எழுதிக்கொண்டு, பழைய டேட்டாவை அழித்துவிட்டது. ஒன்பது யூனிட்டும் லாக்அவுட் ஆனது அந்த நொடியில்தான். வந்தது டிபியே இல்லை, ஒரு .எஸ்ஓ கோப்பு (மற்ற ப்ரோகிராம்கள் ஏற்றி ஓட்டும் கோட்). டிபியாக ஏற்ற முடியவில்லை என்று லாக் முனகியது அதனால். அடுத்து மாட்யூல் லோட், அதோடு எந்தக் கட்டளையையும் ஓட்டும் உரிமை அவன் கையில். டேட்டா ஃபோல்டரில் தேடுங்கள், அந்தக் கோப்பு இன்னும் கிடக்கலாம். நீங்கள் ஓட்டுவது பழைய 5-ஆம் பதிப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். 7.0-இலிருந்து மாட்யூல் கட்டளையை அணைத்தே தருகிறார்கள்.

பயனர் பெயர்க் குழப்பம் சின்ன விஷயம். கன்டெய்னருக்குள் ரெடிஸ் பயனரின் எண் 999. வெளியே உங்கள் உபுண்டுவில் அதே 999 சிஸ்டம்டி-கோர்டம்ப்புக்குப் போயிருக்கிறது. டாப்புக்கு எண் மட்டும்தான் தெரியும், பெயரைத் தன் வீட்டுப் பட்டியலில் பார்த்துச் சொல்கிறது. பாவம், அந்தப் பயனருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கின்சிங்தான் இதில் மேஸ்திரி. கோ மொழியில் எழுதியது, 2020 ஏப்ரலில் அக்வா செக்யூரிட்டிக்காரர்கள் விவரமாக எழுதினார்கள். அப்போது டாக்கரின் ஏபிஐயை (வெளியிலிருந்து கட்டளை வாங்கும் வாசல்) திறந்து வைத்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் ஓட்டை வந்ததும் அதில் புகுந்தது, 2023-இல் ஆக்டிவ்எம்கியூ ஓட்டை. புது ஓட்டை எது வந்தாலும் முதல் பந்தியில் உட்காரும் ஆள். கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ என்பது அது வேலைக்கு வைத்த கூலியாள், உள்ளே இருப்பது மோனெரோ என்ற கிரிப்டோ நாணயம் தோண்டும் எக்ஸ்எம்ரிக். நீங்கள் கூலியாளையே அடித்தீர்கள், மேஸ்திரி அடுத்த ஆளை இறக்கிக்கொண்டே இருந்தது. லினக்ஸில் கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்று ஒரு நிஜக் கர்னல் த்ரெட் உண்டு. கடைசி ஐ மட்டும் இவர்கள் ஒட்டியது. நிஜ கர்னல் த்ரெட்டின் பெயர் பிஎஸ்ஸில் சதுர அடைப்புக்குள் வரும், அதன் தாய் பிஐடி 2, மெமரி பூஜ்ஜியம். இது எவ்வளவு மெமரி எடுக்கிறது பாருங்கள், 2 ஜிபிக்கு மேல் இருக்கும். போஸ்ட்கிரெஸ் செத்திருந்தால் பழைய கர்னல் லாகில் ஓஓஎம் (மெமரி தீர்ந்ததால் கர்னல் ப்ராசஸைக் கொல்வது) என்று தேடுங்கள்.

ரீபூட்டுக்குப் பிறகு வந்தது பழைய தொற்று இல்லை. போர்ட் திறந்தே இருந்தது, ஊரையே சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்கேனர் திரும்பவும் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறது.

---

நைட்_ஷிப்ட் · ஞாயிறு, மதியம் 1:15

அண்ணன் சொன்ன 2 ஜிபி எங்கிருந்து வருகிறது என்று சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் ஏன் உங்கள் சர்வர் என்ற கேள்விக்கும் அதுதான் பதில். பிட்காயினைச் சாதாரண சிபியுவில் தோண்டிப் பிரயோஜனமில்லை, அதற்கென்றே செய்த ஏசிக் இயந்திரங்களோடு மோத முடியாது. மோனெரோக்காரர்கள் அந்த இயந்திரங்களுக்கு எதிராகவே 2019 நவம்பர் 30 அன்று ரேண்டம்எக்ஸ் என்ற தோண்டும் முறைக்கு மாறினார்கள். வேகமாக ஓட 2080 எம்பிக்கு ஒரு டேட்டாசெட், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 2 எம்பி கேஷ். இது சாதாரண கம்ப்யூட்டருக்கு வாட்டமாக வெட்டித் தைத்த சட்டை. சாதாரண மனிதர்களும் தோண்டட்டும் என்ற நல்லெண்ணம்தான், திருடனுக்கும் அதே அளவு பொருந்திவிட்டது. யாருக்கு எவ்வளவு போகிறது என்று வெளியே தெரியாத நாணயம் வேறு.

உங்கள் இரண்டு கோரில் ஒரு நாள் முழுக்கத் தோண்டினால் அவனுக்கு ஒரு டீ காசுகூடத் தேறுவது சந்தேகம். 2022-இல் சிஸ்டிக் நிறுவனம் டீம்டிஎன்டி என்ற திருட்டு மைனிங் கும்பலைப் பற்றிப் போட்ட கணக்கு இது: அவர்கள் 1 டாலர் சம்பாதிக்க, பாதிக்கப்பட்டவர்களுக்கு 53 டாலர் செலவு. இங்கே நாற்பது பேர் சம்பளத்துக்கு நின்றதை அந்தக் கணக்கில் எங்கே எழுதுவது?

இப்போது உங்களுக்குப் பிடிக்காத கேள்வி. மைனர் மட்டும்தான் வந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மாட்யூல் வழியாக எந்தக் கட்டளையும் ஓடியிருக்கலாம். ரெடிஸ் கன்டெய்னரின் என்விரான்மென்டில் (பாஸ்வேர்ட், செட்டிங் கொடுக்கும் இடம்) என்ன இருந்தது? டாக்கர் சாக்கெட்டை (டாக்கரையே ஆட்டிவைக்கும் வாசல்) உள்ளே மவுன்ட் செய்திருக்கிறீர்களா? ப்ரிவிலெஜ்ட் (கன்டெய்னருக்குச் சர்வரின் முழு உரிமை) போட்டீர்களா? இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் வைகை_ரூட் சொன்னதுபோல முழு சர்வரும் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றாலும் ரெடிஸும் போஸ்ட்கிரெஸும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன.

டெய்லர்களின் பேங்க் அக்கவுன்ட் எண்கள் உங்களிடம்தானே இருக்கின்றன? 2022 ஏப்ரல் 28-இல் சிஇஆர்டி-இன் (இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி, இந்த மாதிரித் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நேரம் தாண்டிவிட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள், இன்றே அனுப்புங்கள். சர்வரைத் துடைப்பதற்கு முன் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்து வையுங்கள், லாக் எல்லாம் அதில் இருக்கட்டும்.

---

வைகை_ரூட் · ஞாயிறு, மதியம் 2:02

நான் சொன்னால் ஒரே வரி, நீங்கள் சொன்னால் ஒரு முழுப் பாடம். கடைசியில் இருவரும் வந்து சேர்ந்த இடம் துடை என்பதுதான் :)

---

ஓவர்லாக் · அடுத்த சனி, இரவு 8:10

எல்லோருக்கும் நன்றிங்க. என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன், பாதியில் நிற்கும் திரியைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும்.

டாக்கர் சாக்கெட் இல்லை, ப்ரிவிலெஜ்ட்டும் இல்லை. சந்தோஷப்பட்டது அவ்வளவுதான். என்விரான்மென்ட் பற்றி நைட்_ஷிப்ட் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. எல்லா சர்வீசுக்கும் ஒரே என்வ் கோப்பைக் கொடுத்திருந்தேன், தனித்தனியாக எழுதச் சோம்பல். ரெடிஸுக்கு எதற்கு போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்ட்? எதற்கு எஸ்எம்எஸ் கேட்வே சாவி? இரண்டும் அங்கே இருந்தன. போஸ்ட்கிரெஸில் இணைப்புகளை லாக் செய்யும் செட்டிங்கை ஆரம்பத்திலேயே போட்டிருந்தேன், எப்போது ஏன் போட்டேன் என்று நினைவில்லை. வியாழனிலிருந்து வந்த ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தேன், எல்லாமே ஆப் கன்டெய்னரின் ஐபி. ரெடிஸ் பக்கத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். சிஇஆர்டி-இன்னுக்கு ஞாயிறு சாயங்காலமே மெயில் போட்டேன்.

போர்ட்டைத் திறந்தது யார் என்று கிட்டில் (கோட் மாற்றங்களின் பதிவு) தேடினேன். வேறு யார் இருக்கிறார்கள், நான்தான். தீபாவளி போனஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சமயம், ராத்திரி ஒன்றரை மணி. செஷன் ஏன் தப்பாக வருகிறது என்று வீட்டு லேப்டாப்பிலிருந்து ரெடிஸை எட்டிப் பார்க்க ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கமிட் மெசேஜ்: "தற்காலிகம்". யூஎஃப்டபிள்யூ அடைத்திருக்கிறதே, இது எப்படி வீட்டிலிருந்து வேலை செய்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வேலை செய்ததும் சந்தோஷமாகப் போய்ப் படுத்திருக்கிறேன்.

புது சர்வர் எடுத்து மாற்றிவிட்டேன். ரெடிஸுக்குப் போர்ட்ஸ் வரியே கிடையாது, பாஸ்வேர்ட் உண்டு, பதிப்பும் புதியது. லேப்டாப்பிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் எஸ்எஸ்ஹெச் டனல். போஸ்ட்கிரெஸ் டம்ப்பை மட்டும்தான் கொண்டுவந்தேன், பழைய வால்யூம் எதையும் தொடவில்லை. பழைய_யூனிக்ஸ் அண்ணா சொன்ன .எஸ்ஓ கோப்பு டேட்டா ஃபோல்டரில் அப்படியே கிடந்தது, ஸ்னாப்ஷாட்டில் பத்திரமாக இருக்கிறது. வெளியிலிருந்து என்எம்ஏப் (திறந்த போர்ட்டைத் தேடும் கருவி) போட்டு 22, 80, 443 மட்டும்தான் தெரிகிறது என்று பார்த்த பிறகுதான் டிஎன்எஸ்ஸை மாற்றினேன். பழைய கர்னல் லாகில் ஓஓஎம்மும் இருந்தது அண்ணா, போன சனி 4:51-க்குப் போஸ்ட்கிரெஸைக் கொன்றிருக்கிறது. முதல் போன் வந்தது ஐந்து மணிக்கு.

ஒன்பது யூனிட்டுக்கும் போன் செய்து, வெளி ஆள் சர்வருக்குள் புகுந்துவிட்டான், பேங்க் விவரம் போனதற்கு அடையாளம் இல்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன் என்றேன். ஏழு பேர் சரிங்க என்று விட்டுவிட்டார்கள். ஒருவர் இந்த மாதம் பணம் தரமாட்டேன் என்றார், அதுவும் நியாயம்தான். அந்த நோட்டுக் கணக்கு அக்காவிடம் மைனர் என்றால் என்னவென்று புரிய வைக்கப் பார்த்தேன். "அப்ப நம்ம கரண்டுல வேற எவனோ மோட்டர் ஓட்டியிருக்கான்" என்றார்.

இன்று சாயங்காலம் 5:20-க்குள் ஒன்பது பட்டியலும் பிரிண்ட் ஆகிவிட்டது. அக்கா மட்டும் போன வாரத்து நோட்டுக் கணக்கையும் சிஸ்டத்தில் ஏற்றச் சொல்கிறார். ஏற்றிப் பார்த்தால் இரண்டு டெய்லருக்கு அறுபது ரூபாய் கூடப் போயிருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டாம், என் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.